மாப்பிள்ளைக்கு ஒரு ப்ராசசர்

தன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க, ஓவர்க்ளாக் செய்து வேகத்தைக் கூட்டத் தோதான கம்ப்யூட்டர் ப்ராசசர் வாங்க மோகனப்ரியா கவின்ராஜைத்தான் மைசூர் அர்ஸ் சாலைக் கடைக்கு வரச் சொன்னாள். தான் காதலித்து, பிறகு தானே வேண்டாமென்று விட்டவனிடம் கேட்க அவளுக்கும் கூச்சமில்லை. வரமாட்டேன் என்று சொல்ல இவனுக்கும் ரோஷமில்லை.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் கவின்? நீதான் பாத்து எடுத்துக் குடுக்கோணும்."

வேகத்தைக் கூட்ட முடியாத ரகமும் அதே மாதிரிப் பெட்டியில் இருந்தது. அந்த ஆள் திண்டாடட்டுமே என்று கை ஒரு கணம் அதன்மேல் போனது. பிறகு, தனக்கென்று வெகுநாளாய் ஆசைப்பட்டு வைத்திருந்ததையே எடுத்தான்.

"நல்லா வேகம் கூட்டலாம். சூடேறும், கூலர் மட்டும் நல்லதாப் போடச் சொல்லு."

வழக்கமாக வருகிறவன்தானே என்று கடைக்காரர் பில்லில் கவின்ராஜ் பெயரையே அடித்தார்.

"அந்தப் பேரு இல்லீங்க" என்ற கவின், மாப்பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான்.