நாற்பத்தொன்றாவது புதர்

1

கீழ்வீட்டில் கூடப்பிறந்த அஸியே அக்காவின் சாமான்களை லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

முதல் தொடக்கம்: 'கருங்கடலைப் பார்த்த சரிவில் பனிமூட்டம் மெல்ல...' வேண்டாம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது இப்படித்தான் இருக்கும்.

2

புதரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் மலையில் பருப்புக் கொட்டைக்காக வளர்க்கும் ஹேசல், பனிக்காலத்தில் பூக்கும். ஆண்பூ மஞ்சள் சரமாகத் தொங்கும். பெண்பூ, மொட்டின் நுனியில் நாலைந்து சிவப்பு நூல், அவ்வளவுதான். ஜனவரியில் மகரந்தம் வந்து ஒட்டும், ஆனால் உடனே கரு பிடிக்காது. கோடை தொடங்கும்வரை இரண்டும் சும்மா காத்திருக்கும். இத்தனை பொறுமை உள்ள செடிக்கு ஒரு வீம்பும் உண்டு: தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது.*

(* தன் தூரிலிருந்து பிரித்து நட்ட கன்றின் மகரந்தத்தையும் ஏற்காது. எங்கள் தோட்டத்தில் நாற்பது புதர்கள் ஒரே தாயின் கன்றுகள். மலை இடுக்கு என்பதால் அயல் தோட்டக் காற்றும் வராது. நாற்பத்தொன்றாவது மட்டும் காட்டுச் செடி, கோணல், காய்ப்பது ஒரு கைப்பிடி.)

3

எங்கள் பக்கம் சொத்து பிரிக்கும்போது நிலத்தை அளப்பதில்லை, புதர்களை எண்ணுவோம். அப்பா இறந்த நாற்பதாம் நாள் கழிந்து எண்ணினோம். ஆளுக்கு இருபது. ஒன்று மிஞ்சியது.

"மூத்தவ நான், எனக்கு விட்டுடு துர்சுன்."

"மூத்தவன்னா உனக்கென்ன ரெண்டு வயிறா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. இந்தக் கோணலுக்குப் போயா இத்தனை வீம்பு?"

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். வெட்டிப்புடலாம்."

முதல் வரைவில் இந்தக் கடைசி வரியை அக்கா வாயில் வைத்திருந்தேன். கதைக்கு அது பொருந்தியது. அவள் கோபக்காரி, வாசகர்கள் நம்பியிருப்பார்கள்.

சொன்னது நான். வெட்டியதும் நான்.

4

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் பத்து வரைவுகளில் விட்டுவிட்டேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது, அக்கா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்து, "அந்தக் கோணலைத் தொட்டுடாதடா. மத்ததுக்கெல்லாம் அதான் மாப்பிள்ளை" என்றார்.

நான் அதை நம்பவில்லை என்று எழுதிப் பார்த்தேன். [அடித்தாயிற்று.] நம்பினேன். சொல்லியிருந்தால் யாரும் அதை வெட்டியிருக்க மாட்டோம், அவள் பங்கில் போயிருக்கும். அது நடக்கக் கூடாது என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

அடுத்த பனியில் சரங்கள் தொங்கின, சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டு நின்றன, பிறகு காய்ந்து உதிர்ந்தன. காய்த்த சொற்பத்தை உடைத்தால் ஓட்டுக்குள் ஒன்றுமில்லை. மூன்று வருடம் இதே கதை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அக்காவுக்கு அந்த இருபது புதர்தான் சோறு.

5

இன்று காலை அவள் வேலியோரம் வந்து நின்றாள். மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

"வெட்டின தூர்லேர்ந்து துளிர் ஆளுயரம் வந்திருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்."

"மக இஸ்தான்புல்லுக்கு வந்துடுங்கறா. மதியம் தோட்டத்த வித்துக் கையெழுத்து. அப்பா இந்தச் செடியப் பத்தி உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாராடா? ஏதோ இருக்கும்னு மனசு சொல்லுது. இருந்தா இந்தத் துளிர் பூக்கற வரைக்கும், இன்னும் ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்."

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் சொல்லிவிடுகிறேன், அவள் அரை நாள் திட்டிவிட்டு லாரியைத் திருப்பி அனுப்புகிறாள். நன்றாக வந்திருக்கிறது. மற்றது நடந்தது.

"இல்லக்கா. ஒண்ணும் சொல்லல."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது அக்காவையும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிவிட்டது. பாலம்வரை மெதுவாகத்தான் போகும், ஓடினால் பிடித்துவிடலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சொன்னார்' என்ற ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன், உங்களுக்குக் கை வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்:

"அக்கா, நில்லு. அப்பா (                )."