திறப்பு விழாவுக்குக் காத்திருந்த நிழல்

டாக்காவில் பாத்ரோ மாத வெக்கை பனம்பழத்தையே பழுக்க வைக்கும் என்பார்கள். மனிதர்களை மட்டும் விட்டுவைக்குமா? காற்று ஈரத்துணிபோல் முகத்தில் ஒட்டிக்கிடந்த ஒரு மதியம், எங்கள் பேட்டைப் பூங்காவில், வெயிலுக்கு ஒதுங்குவதற்கான ‘வெப்ப சுக மண்டப’த் திறப்பு விழா. அதைக் கட்டுவதற்காகத் தூங்குமூஞ்சி மரங்கள் அத்தனையையும் வெட்டியிருந்தார்கள். மர நிழல் விஞ்ஞானபூர்வமானதல்ல என்று பூங்காக் குழுச் செயலாளர் ரெஸ்வான் சாகேப் விழா மலரில் கட்டுரையே எழுதியிருந்தார்.

மண்டபத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். அமைச்சர் வந்து வெட்டும்வரை உள்ளே ஈகூட நுழையக் கூடாது. காலையில் வரவேண்டியவரை இன்னும் காணோம். நாங்கள் வெயிலில் நின்றோம்.

ரிக்‌ஷாவிலிருந்து பூந்தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த மொதாலேப் சட்டென்று சரிந்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி கோஹினூர் ஓடிவந்து தொட்டாள். உடம்பு கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை.

“சார், நிழல்ல போடணும், ஒரு கை புடிங்க!”

“ரிப்பன் இருக்கேம்மா. அமைச்சர் வந்துட்டே இருக்கார்” என்றார் ரெஸ்வான் சாகேப்.

“காலைலேர்ந்து வந்துட்டேதான் இருக்கார். நடந்தா வர்றார், பாய்?” என்றார் டீக்கடை ஜப்பார்.

கோஹினூர் ரிப்பனுக்கு அடியில் புருஷனை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். கண்ணாடிக் கூரை; உள்ளே அடுப்பாக அனல். மின்விசிறிகள் அசையவில்லை.

“சுவிட்சைப் போடுங்க சார்!”

“அதையும் அவர்தான் போடணும்.”

அவள் பூவாளியை அவன் தலையில் கவிழ்த்தாள். “ரூபெலோட அப்பா, கண்ணைத் தொறங்க!” திறக்கவில்லை.

அப்போதுதான் அமைச்சரின் கார் வந்தது. கதவு திறந்ததும் குப்பென்று குளிர் அடித்தது. அவர் இறங்கினாரோ இல்லையோ, கோஹினூரும் ஜப்பாரும் மொதாலேபைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திவிட்டார்கள். கேமராக்கள் திரும்பின. அமைச்சருக்குக் கருணை பொங்கியது. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!”

ஓட்டுநர் காரைத் திருப்பினார். பூங்கா வாசலை அமைச்சரின் பரிவாரத்து வெள்ளை வண்டிகள் அடைத்து நின்றன. ஹாரன் அடித்தார். ஒன்றும் அசையவில்லை. எந்த வண்டியிலும் ஆள் இல்லை.

மண்டபத்தில் அதற்குள் ரிப்பன் வெட்டியாகிவிட்டது. விசிறிகள் சுழன்றன. பரிவார ஓட்டுநர்களெல்லாம் அவற்றின் அடியில், கூட்டத்தோடு கூட்டமாக.

காரில் புருஷனுக்கு ஜப்பாரைக் காவல் வைத்துவிட்டுக் கோஹினூர் மண்டபத்துக்கு ஓடினாள். ரெஸ்வான் சாகேப் ஒலிபெருக்கியில், “இனி வெயிலால் இங்கே ஓர் உயிரும் வாடாது” என்றார். கைத்தட்டல். கோஹினூர் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து உலுக்கினாள்.

“வாசலை அடைச்சு நிக்கிற வெள்ளை வண்டி உங்களுதா? அண்ணே, உங்களுதா? யாராவது சொல்லுங்களேன்!”