பெட்டிக்குள் காற்று

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். காற்றுப் பட்டால் செத்துவிடும் நொதி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, பொத்திப் பொத்திக் காத்து வந்தாள். அதிலுள்ள நிக்கலும் இரும்பும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடாக மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் அந்தப் பாழாய்ப்போன நொதி அசைந்தே கொடுக்கவில்லை.

இன்று மீட்டரில் மோனாக்சைடு விறுவிறுவென ஏறியது. கூட வேலை செய்பவன் கைதட்டினான். அக்காவோ பெட்டியின் கதவைப் படாரென்று திறந்துவிட்டாள். காற்றுப் புகுந்து நொதி செத்தது.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா என்ன?"

"ஜெனரேட்டரை ரூமுக்குள்ள வெச்சு, ஜன்னலையெல்லாம் சாத்திட்டுத் தூங்கினான் என் தம்பி. அதோட புகையிலயும் இதே வாயுதான்," என்றாள் அக்கா. அவள் கை இன்னும் கதவை விடவில்லை. "அன்னிக்குத் தொறந்துவிட ஆளில்ல."