கயிற்றை இழுக்கிற கை

பிலிப்பைன்ஸில் எங்கள் லகூனா பக்கத்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் ஊருக்குச் சமைத்துப் போட வேண்டும். அன்று எனக்கு எழுபது. விடிந்ததும் எழுந்து பெரிய வாணலியில் பான்சித் கிளறினேன். நூடுல்ஸ் இழையை வெட்டக் கூடாது, வெட்டினால் ஆயுள் குறையும் என்பார்கள். இன்னும் ஆயுள் யாருக்கு வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளறினேன். ஆனாலும் வெட்டவில்லை.

சாப்பாடெல்லாம் ஒரு சாக்கு. நான் காத்திருந்தது பபீத்தின் விளையாட்டுக்காக. மூங்கில் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதில் மிட்டாயும் பொம்மையும் தொங்கவிட்டு, கயிறு போட்டு மரக்கிளையில் ஏற்றுவோம். ஒருவர் கயிற்றைத் தளர்த்திச் சட்டத்தை இறக்குவார். கீழே நிற்கும் பிள்ளைகள் எம்பிப் பறிப்பார்கள். கை படப் போகும்போது சட்டென்று மேலே இழுத்துவிடுவார். நான் மட்டும் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் சின்ன வயதில் தம்பி தங்கைகளைத் தூக்கிப் பிடித்தேன். பிறகு என் பிள்ளைகளை, அப்புறம் பேரப்பிள்ளைகளை. எல்லாரும் என் தோளில் உட்கார்ந்தே பறித்தார்கள்.

கயிறு எப்போதும் என் புருஷன் ஃபெர்மின் கையில். கயிறு கிடைத்துவிட்டால் அவனைப் போல ஓர் அயோக்கியனைப் பார்க்க முடியாது. சட்டத்தை மூக்குக்கு நேரே கொண்டுவந்து காட்டிவிட்டு விர்ரென்று ஏற்றுவான். பிள்ளைகள் அலறும், அவனைத் திட்டும், விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு தடவை நான் ஓரமாக நின்று ஒரு தேங்காய் மிட்டாய்க்குக் கையை நீட்டினேன். விரல் பட்டதோ இல்லையோ, ஏற்றிவிட்டான்.

"ஏண்டி சோலெங், பிள்ளைங்க சாமானுக்குக் கை நீட்டுறியே, வெக்கமா இல்ல?"

"ஒத்த மிட்டாய்க்கு இந்தக் கஞ்சத்தனமா? நல்லா இருப்பியா நீ?"

"உனக்கு எழுபது ஆகட்டும். உனக்குன்னே தனியா ஒண்ணு கட்டுறேன். நாள் பூரா நீ மட்டும் குதி. ஒண்ணும் தர மாட்டேன், அது வேற விஷயம்."

எனக்கு அறுபத்தெட்டு நடக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டான். சொன்ன வேலையைச் செய்யாமல் நழுவுவது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இது கொஞ்சம் அதிகம்.

ஆகவே நானே கட்டினேன். பின்வேலி மூங்கிலைப் பிளந்து சட்டம் செய்து, அதில் தேங்காய் மிட்டாய், குளியல் சோப்பு, முழங்கால் தைலம், ஒரு ஜோடி காலுறை எல்லாம் தொங்கவிட்டேன். மாமரக் கிளையில் கயிற்றை வீசி ஏற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. மகள் துபாயிலிருந்து அனுப்பிய கான்வாஸ் ஷூவை அன்றுதான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் என் சீட்டாட்டக் கூட்டாளிகள் வந்தார்கள். முன்னால் ஃபெலிசா. பள்ளிக்கூடத்திலிருந்து என் கூடவே இருப்பவள். நுழைந்ததும் மரத்தைப் பார்த்தாள்.

"பேரப்பிள்ளைங்க வர்றாங்களா? சொல்லவேயில்லையே!"

"யாரும் வரல. இது எனக்கு."

"உனக்கா? அடிப் பாவி!" என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவள் கண் என் ஷூவில் விழுந்தது. நிஜமாகவே குதிக்கப் போகிறேன் என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லார் முகத்திலும் ஒரு இரக்கம் வந்தது.

கயிற்றுக்கு ஆள் வேண்டுமே. நாற்பது வருஷம் ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டிய அபுண்டியோ இருந்தார். எதிரே வருகிற ஒருவனுக்கும் வழிவிடாத மனுஷன். அவர்தான் சரி என்று நினைத்தேன்.

"அபுண்டியோ அண்ணே, நீங்க பிடிங்க. நான் கை வைக்கிறப்போ மேல இழுத்துடணும். புரியுதா?"

"புரியுது, புரியுது. மெதுவா குதிங்க, என்ன? போன மாசம்தான் நம்ம லூர்தெஸ் குளியலறையில விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா."

"என் இடுப்பு, என் பாடு. நீங்க கயிற்றைப் பாருங்க."

துபாயிலிருந்து மகள் ரொவேனா வீடியோ போனில் வந்தாள். ஃபெலிசா போனை உயர்த்தி என்னைக் காட்டியதும் அவள் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின.

"நானாய்! அம்மா! என்ன பண்றீங்க? குதிக்காதீங்க! யாராவது அம்மாவப் பிடிச்சுக்கோங்களேன்!"

முழங்கையைப் பிடிக்க வந்த ஃபெலிசாவைத் தள்ளிவிட்டேன். சட்டம் இறங்கியது. தலைக்கு மேலே ஒரு முழத்தில் மிட்டாய் ஆடியது. முழங்காலை மடக்கினேன், குதித்தேன். ஷூவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வாழையிலை நுழையும் அளவு இடம் வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் குதித்தேன். எழுபது வருஷத்தில் முதல் தடவை. மிட்டாய்த் தாள் விரலில் சரசரத்தது. இதோ இழுக்கப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது.

இழுக்கவில்லை. சட்டம் இன்னும் கீழே வந்தது. கழுத்துக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிறவர் மாதிரி அபுண்டியோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கோங்க. எல்லாம் உங்களுக்குத்தான்."

"இழுங்க!"

"பரவாயில்ல, எடுங்க."

"மேல இழுங்கன்னு சொல்றேன்ல!"

"எதுக்கு வம்பு? முழங்கால் போயிடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஃபெலிசா ஒவ்வொன்றாக அவிழ்த்து என் கையில் அடுக்கினாள். சோப்பு, தைலம், காலுறை. "பாத்தீங்களா, நானாய் எல்லாத்தையும் ஜெயிச்சுட்டாங்க!" என்றாள் மகள் போனில். நான் இரண்டு கையும் நிறைய நின்றேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் நல்லவர்கள், அதுதான் பிரச்சினை. என்னோடு வம்பு பண்ண இந்த உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபெர்மினைப் புதைத்த அன்றுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பான்சித்தைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மழை இருட்டிக்கொண்டு வர, என் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஃபெலிசா வாசலில் நின்று, "ஷூவக் கழட்டிட்டுப் படுடி," என்றாள்.

நான் கழற்றவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன். கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டிக் குதித்தேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி குதித்தேன். பிரயோசனமில்லை. வலது கை எப்போது எம்பும் என்று இடது கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. என்னை நானே ஏமாற்ற முடியவில்லை.

கடைசியில் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, மிட்டாயில் விரலை வைத்தேன்.

"ஃபெர்மின், இழுடா," என்றேன்.

முதல் தூறல் விழுந்தது. சட்டம் அசையாமல், கைக்கு எட்டுகிற உயரத்திலேயே தொங்கியது.