சுவரோடு நின்ற அரைவட்ட மேசை

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்கள், என் குரல் முன்னைப்போல எட்டாது. குழம்பப் பார்த்த ஒரு கல்யாணப் பேச்சைக் காப்பாற்றிய மேசையின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாகேஸ்வரி என்று ஒருத்தி. புருஷன் வாமதேவன், வீடுகளுக்கு மரத்தரை போடுகிறவன். லண்டனுக்கு வருமுன் பாரிஸில் பதினொரு வருடம் இருந்தவர்கள். அங்கேதான் வாமதேவனுக்குச் சீட்டாட்டப் பைத்தியம் பிடித்தது. முந்நூற்றி நாலு என்ற ஆட்டம் விளையாட வெள்ளிக்கிழமை உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் எழும்புவான். லண்டனுக்கு வந்த அன்றே பிள்ளையார் படத்துக்கு முன்னால் அவனிடம் சத்தியம் வாங்கினாள் நாகேஸ்வரி. அன்றோடு அந்த வீட்டில் சீட்டு என்ற பேச்சே இல்லை.

மகள் ஜதுர்ஷிகா, விம்பிள்டன் பெடியன் கிருஷாந்தை விரும்பினாள். அவனுடைய தாய் கனகாம்பிகை ஒருநாள் போன் எடுத்து, "பொழுதுபோக்கு எல்லாம் எப்பிடி?" என்று கேட்டார். நாகேஸ்வரி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்கட வீட்டில கடதாசி விளையாட்டு, சீட்டு எண்டாலே ஆகாது. விளையாடுற ஆக்களோட பழகிறதும் இல்லை." "அப்பிடியோ, சரி" என்று கனகாம்பிகை போனை வைத்தார். நல்ல மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

பெடியன் வீட்டார் ஞாயிறு பின்னேரம் வருகிறார்கள் என்றதும் முன்னறையைப் பார்த்தாள். சோபா, இரண்டு கதிரை, வேறொன்றுமில்லை. ஓடிப்போய் செகண்ட் ஹாண்ட் கடையில் ஒரு மேசை வாங்கி வந்தாள். அரைவட்ட வடிவம், செம்மண் நிறம், கீழே போகப்போக மெலிகிற கால்கள். ஒரு பின்கால் மட்டும் ஆடியது. வாமதேவன் ஒரு ஸ்குரூ போட்டு இறுக்கினான். சுவரோடு சாத்திப் பூச்சாடி வைத்தார்கள்.

தாய், தகப்பன், பெடியன் மூவரும் வந்தார்கள். கனகாம்பிகை ஹாண்ட்பாக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கு "ஓம்", "இல்லை" என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணி ஆறியது. குசினி வாசலில் நின்ற ஜதுர்ஷிகாவின் முகம் சுருங்குவதைப் பார்த்து, நாகேஸ்வரி பலகாரத் தட்டை இன்னொருதரம் நீட்டினாள்.

அப்போது பெடியனின் தகப்பன் ஸ்ரீஸ்கந்தராஜா எழும்பிப் போய், முழங்கால் மடித்து, மேசைக்கு அடியில் தலையை விட்டார்.

'ஐயோ, அடியில் தூசி தட்டவில்லையே' என்று பதறினாள் நாகேஸ்வரி.

"ஆர் இந்தக் காலுக்கு ஸ்குரூ அடிச்சது?" என்று அடியிலிருந்து கேட்டார் அவர்.

"நான்தான் அண்ணை. ஆடிச்சுது."

"ஆடத்தான் வேணும் தம்பி. முப்பது வருசம் ஏலக்கடையில இப்பிடிச் சாமான் தூக்கினவன் நான். ஸ்குரூ டிரைவரைக் கொண்டாரும்."

ஸ்குரூ கழன்றது. பின்காலைப் படலைக் கதவு திறப்பதுபோல வெளியே இழுத்தார். பூச்சாடியை வாமதேவன் கையில் கொடுத்துவிட்டு, மேற்பலகையைத் தூக்கி விரித்து, அந்தக் காலில் படுக்க வைத்தார். அரைவட்டம் முழுவட்டமானது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி, ஓரத்தில் பழைய மெழுகுதிரிச் சொட்டு ஒன்று.

"ஜோர்ஜியன் ஸ்டைல், மஹோகனி. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இதைச் சுவரோட சாத்தி வைச்சிருப்பினம். ஆக்கள் வந்தா நடுவில இழுத்து விரிச்சுப் போட்டு…" அவர் மனைவியை ஒருதரம் பார்த்தார். "கடதாசி விளையாடுவினம்."

நாகேஸ்வரி எழும்பிவிட்டாள். தலைநிமிர்ந்து சொன்ன சொல் என்ன, நடு வீட்டில் விரிந்து கிடப்பது என்ன. "சத்தியமா எனக்குத் தெரியாது. இவர் ஒருகாலத்தில விளையாடினவர்தான். அதுக்குப் பயந்துதான் போனில அப்பிடிச் சொன்னனான்," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கனகாம்பிகை பச்சைத் துணியை ஒருதரம் தடவினார். பிறகு ஹாண்ட்பாக்கைத் திறந்து, ரப்பர்பாண்ட் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"அம்மா, காருக்குள்ள என்ன சொன்னனான்?" என்றான் கிருஷாந்.

"நீ சும்மா இரு. இஞ்சை பாருங்கோ நாகேஸ்வரி, நீங்கள் போனில சொன்ன நாள்தொட்டு எனக்கு நித்திரை இல்லை. இந்தக் கட்டு இல்லாமல் நான் கோயிலுக்குக்கூடப் போறதில்லை. என்னால பெடியன்ரை கலியாணம் குழம்பப்போகுது எண்டு, வாயைத் திறக்கப் பயந்து இருந்தனான். பெரியாக்கள் நாலு பேர் இருக்கிறம். உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?"

"அஞ்சாறு வருசம் இவருக்குத் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு பின்னால நிண்டு பார்த்தனான். இவரைவிட நல்லாத் தெரியும்."

"அப்ப என்ரை பக்கம் வாங்கோ. ஆம்பிளையள் எதிர்ப்பக்கம்."

கதிரை போதவில்லை. வாமதேவன் வேலைக்குக் கொண்டுபோகும் குட்டி ஏணியில் ஏறி இருந்தான். தோற்றவர் காதில் உடுப்புக் காயப்போடும் கிளிப் மாட்டவேண்டும் என்பது கனகாம்பிகையின் சட்டம். மூன்றாவது ஆட்டத்தில் நாகேஸ்வரி எதையும் வெட்டும் துரும்பு ஜாக்கைக் கடைசிவரை ஒளித்து வைத்து ஓங்கி அடித்தபோது, இரண்டு தகப்பன்மாரின் நாலு காதிலும் கிளிப் தொங்கியது. ஜதுர்ஷிகா சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போகும்போது வாமதேவன் கேட்டான், "அண்ணை, மேசையைச் சீதனமாத் தரட்டோ?"

கனகாம்பிகைதான் பதில் சொன்னார். "வேண்டாம். அது இஞ்சையே நிக்கட்டும். பிள்ளை எங்கட வீட்ட வந்த பிறகு, நாங்கள் இஞ்சை வர ஒரு சாட்டு வேணுமே."

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டு வாசலுக்கும் சிரித்த முகத்தோடு ஆட்கள் வரட்டும். உங்கள் மேசை எப்போதும் விரிந்தே இருக்கட்டும். எத்தனை கதிரை வாங்கினாலும் ஒன்று போதாமலே இருக்கட்டும்.