அப்பாவின் கார் நின்ற இடம்

ஊருக்குள் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிப்பாதை போடும் வேலையை நகராட்சி என் தலையில் கட்டியது. தேநீர்க் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மேசைகளை உள்ளே இழுத்தார். மரக்கடைக்காரர் பலகைகளைப் பின்பக்கம் அடுக்கினார். ஒருவர் மட்டும் மசியவில்லை. அவர் என்னைப் பெற்ற அப்பா.

எங்கள் வீட்டு வாசலில், பாதை வரவேண்டிய இடத்திலேயே, அவருடைய கார் நின்றது. டிரைவிங் ஸ்கூல் நடத்திய காலத்துக் கார். பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. அதை ஓயாமல் மிதித்ததால் ஊரில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்றே பெயர். ஸ்கூலை மூடிய பிறகும் காரைத் தினமும் துடைப்பார், உள்ளே உட்கார்ந்து ரேடியோ கேட்பார். ஓட்டத்தான் மாட்டார்.

"ஷெட்டுல விட்டுடுங்கப்பா."

"ஞாயித்துக்கிழமை எடுக்கறேன்."

எத்தனை ஞாயிறு போனது என்று கேட்காதீர்கள். கோடு போடுகிறவர்கள் வந்து, காரின் மூக்கு வரை வெள்ளைக் கோடு இழுத்து நிறுத்தி, வாலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாதையில் ஜம்மென்று சைக்கிளில் வந்து, எங்கள் வாசலில் மட்டும் சாலையில் இறங்கி ஏறினார்கள். ஒருநாள் ஒரு லாரி, ஒரு சின்னப் பெண்ணை உரசாத குறை.

அன்றே நகராட்சித் தலைவர் கூப்பிட்டார்.

"சொந்த அப்பா காரையே நகர்த்த முடியல, நீங்க ஊருக்குப் பாதை போடறீங்க! நாளைக்குள்ள எடுக்கலேன்னா இழுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன்."

அந்தக் காரைக் கொக்கி போட்டு இழுப்பதை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அதை அப்பா தாங்கமாட்டார். ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"ஒரு பிள்ளை அடிபட இருந்துச்சுப்பா! இப்பவே எடுங்க."

அப்பா சாவியை எடுத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. ஓரமாக நின்று கை காட்டினேன். அவர் ஹாரன் அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா."

சுற்றிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. போன வாரம் நான் நடச்சொன்ன குட்டைக் கம்பம்தான் தலையில் சிவப்புப் பட்டையோடு நின்றது.

"சொன்னா கேக்கறானா பாரு! யார் வீட்டுப் பிள்ளைம்மா இவன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இத்தனை ஞாயிறுகளைத் தள்ளிப்போட்டது பிடிவாதம் இல்லை, பயம். தெரியாமல் போட்ட சத்தத்துக்கெல்லாம் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

கதவைத் திறந்தேன். "நகருங்கப்பா, நான் ஓட்டறேன். ரொம்ப நாளாச்சு, பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் மாறிக்கொண்டு பிரேக்கில் கால் வைத்தார். ஷெட் கூப்பிடு தூரம்தான். அதற்குள் வழியில் இருந்த கம்பத்துக்கெல்லாம் பிரேக் போட்டார்.

"ஆளுங்க நிக்கறாங்க, பொறு!"

"சரிப்பா."

ஒவ்வொரு கம்பத்துக்கும் மரியாதை செய்துவிட்டு ஒருவழியாக ஷெட்டுக்குள் போனோம்.

மறுநாள் விட்டுப்போன கோட்டைப் போட்டு முடித்தார்கள். அது காய்ந்த பிறகு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் நடக்கக் கிளம்பினோம். அப்பா கோட்டை ஒட்டியே நடந்து, வாசலைத் தாண்டுவதற்குள் நின்றார்.

"இங்க மட்டும் பளிச்சுன்னு தெரியுதே?"

"உங்க கார் நின்ன இடம்ப்பா. புதுசாப் போட்டது."

அம்மா எங்கேயோ பார்த்தபடி சொன்னாள். "இப்படியே நேராப் போனா கண் டாக்டர்கிட்ட போய்டலாம். ரோட்டைத் தாண்டவே வேணாம்."

ஆக, அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா திரும்பி வீட்டுக்குள் போய்விடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது.

"பாதை போட்டது நம்ம பொண்ணு," என்றார் அப்பா. "கடைசி வரைக்கும் போய்ப் பாக்காம திரும்பினா நல்லாவா இருக்கும்?"

நடந்தார். போகிற போக்கில் குட்டைக் கம்பத்தின் தலையைத் தொட்டுத் தடவி, மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

"இன்னும் இங்கதான் நிக்கறியா, தம்பி?"