ஒண்ணுமில்லையாம்

பெனிஷாவுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தது ஊரில்லை, பெற்றவள்தான். இருபத்து நாலு வயதுப் பெண் பத்து மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்டது போலக் கிடந்தால், பாக்கியம் ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றுவாள். சித்திரை வெயிலில் குளிருகிறது என்று போர்வை கேட்டால் நடிப்பு என்பாள். பெனிஷாவுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, முகம் வீங்கியது, நாலு படி ஏறினால் கால் கனத்தது. எல்லாவற்றுக்கும் வீட்டில் அந்த ஒரே பெயர்தான். பாவம், அவளும் அதை நம்பிவிட்டாள். சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சோம்பலைத்தான் முதலில் சொன்னாள்.

நர்சரிப் பள்ளியில் பிள்ளைகள் முன்னாலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கியதில் வேலை போயிற்று. அந்த ஆத்திரத்தில் தனியாகத் தேவாரம் டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய சீட்டோடு லேப்பில் கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கும் விஜி, கம்ப்யூட்டரில் பேரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"போன வருஷமே இங்கன பாத்திருக்கீகளே. தைராய்டு ரொம்பக் கொறவாத்தான் சுரக்குதுன்னு வந்திருக்கு. மாத்திரை சாப்பிடலையா?"

"ஒண்ணுமில்லையாம்னு எங்கம்மா சொல்லுச்சே."

"ரிப்போர்ட்ட வாங்கிட்டுப் போனதே ஒங்கம்மாதான். ஒடனே டாக்டரப் பாருங்கன்னு சொல்லித்தான அனுப்புனேன்."

ஊர் திரும்பும் பண்ணைப்புரம் பஸ்ஸில் அவள் அம்மாவின் செம்பையே நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் ஊற்றியிருந்தால் மன்னித்திருப்பாள். காரணம் தெரிந்த பிறகும் ஒரு வருஷம் அந்தத் தண்ணீர் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டபோது பாக்கியம் மறுக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெனமும் மாத்திரை திங்கிற புள்ளைய எவன் கட்டுவான்? சோம்பேறின்னா, கல்யாணமானா சரியாப்போகும்பாக. சீக்குன்னா வாசப்படி மிதிப்பாகளா? ஞாயித்துக்கெழம பெரியகுளத்துக்காரக பொண்ணு பாக்க வாராக. வாயத் தொறந்துறாத."

"தெரிஞ்சுக்கிட்டேவா எம்மூஞ்சில தண்ணி ஊத்துன?"

பாக்கியம் அடுப்பைத் தூண்டினாள். மகள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வந்து இறங்கினார்கள். பாக்கியம் கூசாமல் அளந்துவிட்டாள். மகள் விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பாளாம், ஒரு நிமிஷம் சும்மா உட்காரமாட்டாளாம். பெனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு காபித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா ரோஸ்லின் ஒரு டம்ளரை அவள் பக்கமே திருப்பினாள்.

"நீயும் குடி, ஆத்தா. கோயிலுக்குப் போய்ட்டு வெறும் வயித்தோடதான நிக்கிற."

பெனிஷா தட்டைக் கீழே வைத்தாள். புது ரிப்போர்ட்டைக் காட்டி வாங்கி, முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"தைராய்டு மாத்திரை அத்தை. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காக. இதப் போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் காபி குடிக்கணும். இனிமே தெனமும் இப்படித்தான்."

ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் வாங்கியவள் போலப் பாக்கியம் விழித்தாள்.